தகரப் படகில் நெட்டுக்குப்பம் அலை

"காலேஜு, வண்டி வச்சிக்கலாம்."

இன்டர்மீடியட் படித்த என்னை 'காலேஜு' என்று கூப்பிடும் ஏழுமலை இதைச் சொன்னபோது எங்கள் படகின் மூக்கு கடலைப் பார்த்து நின்றது. பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. காலை வெயிலில் இன்னும் சூடு ஏறவில்லை. இடுப்பளவு தண்ணீரில் படகை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிரே அலைகள் எழுந்தன, வெளுத்தன, உடைந்தன. ஒவ்வொன்று உடையும்போதும் படகின் தகரம் என் உள்ளங்கையில் அதிர்ந்தது.

ஏழுமலை தன் பக்கத்துத் தகரத்தை இரண்டு கையாலும் இறுகக் கட்டிப் பிடித்திருந்தான்.

"வண்டியா? சரி, வச்சிக்கலாம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கிருஷ்ணா நதியிலிருந்து எத்தனையோ நாள் துடுப்புப் போட்டு வந்தவர்களுக்கு, கடைசிக் கொஞ்ச தூரம் மாட்டு வண்டியில் போவதில் என்ன வந்துவிடப் போகிறது?

எனக்கு ஒன்றும் வராது. அவனுக்குத்தான் எல்லாமே போய்விடும்.

போன வாரம் இந்தத் தொடரைப் பழவேற்காட்டில் கொண்டுவந்து நிறுத்தியதற்கு வாசகர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். "கடலைக் கண்டு நடுங்குகிறவனை எதற்கையா படகில் ஏற்றினாய்?" என்று வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதிலைச் சொல்லிவிட்டே அலைக்குள் போகிறேன்.

துடுப்பை விட்டவன்

ஏழுமலை எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரன். மீனவர் வீட்டுப் பிள்ளை. திருவொற்றியூரில் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்த பட்டறையில் அவன் சம்மட்டி அடித்தான். கடலில் கட்டுமரம் ஓட்ட வேண்டியவன் பட்டறைக்கு வந்து கரி மூச்சு விட்டதற்குக் காரணம் ஒரே ஓர் அலை.

அதற்கு முந்தைய வருஷம், அண்ணன் தேசப்பனின் கட்டுமரத்தில் இவன் பின்துடுப்பு. கரைக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு பெரிய அலை வந்தது. பின்துடுப்புக்காரன் அந்த நேரம் மரத்தை நேராகப் பிடிக்க வேண்டும். ஏழுமலை துடுப்பை விட்டுவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டான். கட்டுமரம் குறுக்கே திரும்பியது, புரண்டது. தேசப்பனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்தப் பருவம் முழுக்க அவர் கடலுக்குப் போகவில்லை.

குப்பத்தில் யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. அலையில் துடுப்பை விட்டவனுக்கு எந்தக் கட்டுமரத்திலும் இடம் கிடையாது. மறுபடியும் இடம் வேண்டுமென்றால், குப்பத்துக்கு நேர் எதிரே, எல்லோரும் பார்க்க, பின்துடுப்பைத் தன் கையில் பிடித்து ஒரு படகை அலை தாண்டிக் கரை சேர்க்க வேண்டும். எந்தப் படகானாலும் சரி. அதற்கு வேறு பரிகாரம் இல்லை.

ஏழுமலை இரவல் மரத்தில் பல தடவை முயன்றான். மூன்று வரிசை அலையில் முதல் வரிசைக்குப் போவதற்குள் கை தானாக மரத்தைக் கட்டிக்கொள்ளும். பிறகு முயல்வதையே விட்டுவிட்டான்.

அப்போதுதான் நான் அவன் வாழ்க்கையில் புகுந்தேன். இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில், எங்கோ ஒரு நாட்டில் இரண்டு பேர் குறும்படகில் ஒரு மகாநதி முழுக்க இறங்கி வந்த படத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் போயிருந்தது. நமக்கும் நதிகள் இருக்கின்றன. பெஜவாடாவுக்கு மேலே கிருஷ்ணையில் இறங்கினால், அங்கிருந்து கால்வாய் பிடித்து, கடலோரமாகவே எண்ணூர் வரை தண்ணீர் வழி இருக்கிறது. விறகுப் படகும் உப்புப் படகும் போகிற வழியில் நாம் போனால் என்ன?

எனக்குத் தேவை துடுப்புப் பிடிக்கத் தெரிந்த ஒரு கை. ஏழுமலையிடம் சொன்னேன். சம்மட்டியைக் கீழே வைத்தான்.

"ஆத்துல அலை கீதா?"

"இல்லை."

"கால்வாயில?"

"சுத்தமா இல்லை."

"அப்போ நான் வரேன் மாமு."

புறப்படுகிற அன்று தேசப்பன் படகைச் சுற்றிவந்து பார்த்தார். முறிந்த தோளைச் சற்றே சாய்த்துத்தான் அவர் நடப்பார். "போய்ட்டு வா தம்பி. ஆத்துல போயி, கால்வாய்ல வந்து, கொல்லப்பக்கமா வூட்டுக்குள்ள பூந்துக்கோ" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிளேன் டப்பா

படகைப் பற்றி முன் அத்தியாயத்தில் சொல்லியிருந்தாலும் புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. யுத்தம் முடிந்ததும் ராணுவத்தார் கழித்துக்கட்டிய சாமான்கள் பழைய இரும்புக் கடைகளில் மலையாகக் குவிந்தன. அதில் ஆகாய விமானத்தின் வயிற்றில் தொங்கவிடும் பெட்ரோல் தொட்டிகள் இரண்டு என் கண்ணில் பட்டன. இரண்டு பக்கமும் கூராக, கொழுத்த மீன் மாதிரி இருக்கும். இரண்டின் வாலையும் வெட்டி, வெட்டிய வாய்களைச் சேர்த்து ரிவெட் அடித்தோம். மேலே ஆள் உட்காரத் திறந்துவிட்டோம். முன்னும் பின்னும் காற்றை அடைத்து மூடினோம். மழை பெய்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத் தவில் வாசிப்பது மாதிரி கேட்கும். பெட்ரோல் வாசனை கடைசி வரை போகவில்லை. அதில் வைத்த சோறும் பெட்ரோல்தான்.

நான் அதற்கு ஓர் அழகான பெயர் யோசித்து வைத்திருந்தேன். குப்பத்துப் பிள்ளைகள் முந்திக்கொண்டு "பிளேன் டப்பா" என்று வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வேறு பெயர் ஒட்டவேயில்லை.

என் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து திருவொற்றியூரில் பலசரக்குக் கடை போட்டவர். டப்பாவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "ஏலே, இன்டர்மீடியட் படிக்கவச்சது இந்தத் தகரத்துல ஏறத்தானா?" என்றார். பிறகு கடைக்குள் போய், ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியும் ஒரு பை பொரிமாவும் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமலே படகில் வைத்தார்.

(இந்தத் தொடரைப் படித்துவிட்டு அவர் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன்: "இருவத்தினாலு வயசுல என்னலே நினைவுக் குறிப்பு? மறந்து போகவே இன்னும் நேரமாகலியே!")

ஆற்றுக்கு ஏத்தம் வந்தது

டப்பாவை ரயிலில் ஏற்றிப் பெஜவாடா போய், கிருஷ்ணையில் இறங்கிய புதிதில் ஏழுமலை ராஜாவாக இருந்தான். அகலமான ஆறு. மணல் திட்டுகள். தண்ணீருக்குச் சத்தமே இல்லை. பின்னால் உட்கார்ந்து ஒரு துடுப்பைச் சும்மா ஒட்டிப் பிடித்தான் என்றால் டப்பா கோடு போட்ட மாதிரி போகும். முன்னால் உட்கார்ந்த நான்தான் தண்ணீரை வாரி இரண்டு பேர் மேலும் இறைத்துக்கொண்டிருந்தேன்.

"காலேஜு, துடுப்பு போடறியா, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறியா?"

ஒரு நாள் நடுப்பகலில் மணல் திட்டு ஒன்றில் ஒதுங்கினோம். கருப்பட்டியும் பொரிமாவும் சாப்பிட்டதில் கண்ணைச் சுழற்றியது. படகைக் கட்ட மரமோ கல்லோ இல்லை. ஏழுமலை தண்ணீர் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணலில் ஈரம் படிந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தான். தீர்ப்புச் சொல்கிற மாதிரி எழுந்தான்.

"வத்தம் நடக்குது. ஏத்தம் வர சாய்ங்காலம் ஆவும். சொம்மா படு."

கடல் நீர் இறங்குவதை வத்தம் என்றும் ஏறுவதை ஏத்தம் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். படகை ஈரக்கோட்டுக்கு நாலு விரற்கடை மேலே இழுத்து வைத்தோம். படுத்தோம்.

கடல் அங்கிருந்து எங்கோ இருந்தது. அந்த இடத்தில் ஏத்தமும் கிடையாது, வத்தமும் கிடையாது. அவனுக்குத்தான் தெரியவில்லை, பூகோளத்தில் நல்ல மார்க் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை! பிறந்ததிலிருந்து கடலோரத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த இரண்டு பேருக்கு, ஏறாத இறங்காத தண்ணீர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்றே படவில்லை.

விழித்தபோது என் குதிகால் நனைந்திருந்தது. கீழே அணைக்கட்டில் பலகை போட்டு நீரைத் தேக்கியிருக்கிறார்கள். ஆறு அது பாட்டுக்கு ஏறி, டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"ஏத்தம் சீக்கிரம் வந்துட்சிடா!" என்று கத்தினான் ஏழுமலை. அப்போதும் அவன் ஆற்றைக் கடலாகவேதான் நினைத்திருந்தான்.

திட்டிலிருந்து கரைக்கு நீந்தி, கரையோரமாக ஓடினோம். அடுத்த ஊர்த் துறையில் ஒரே கூட்டம். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறி நின்றார்கள். கரையோர நாணலில் எங்கள் டப்பா சிக்கி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை. ஆகாய விமானத்திலிருந்து விழுந்த குண்டு என்று முடிவு கட்டியிருந்தார்கள். யுத்த காலத்துப் பயம் அந்தப் பக்கத்தில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஏழுமலை தண்ணீரில் இறங்கினான். "முட்டுகோவத்து! முட்டுகோவத்து!" தொடாதே என்று ஊரே தெலுங்கில் அலறியது. அவன் நேரே போய், குண்டுக்குள் கையை விட்டு, கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அன்று அந்த ஊரில் எங்களுக்கு மோர்ச்சோறும் கோங்கூரா ஊறுகாயும் கிடைத்தன. குண்டைத் தின்றவனைப் பார்க்கப் பெண்களெல்லாம் வந்தார்கள். ஏழுமலை அவர்களுக்குத் துடுப்புப் போட்டுக் காட்டினான். குப்பத்தை விட்டு வந்த பிறகு யாரோ தன்னை அண்ணாந்து பார்த்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு ஒரு ஆசை விழுந்தது. இந்த முகத்தோடு இவன் நெட்டுக்குப்பத்தில் போய் இறங்க வேண்டும்.

வண்டிக்காரரின் வைக்கோல்

மற்றதெல்லாம் முந்தைய வாரங்களில் வந்துவிட்டது. கால்வாய்ப் பயணம், உப்புப் படகுக்காரர்களோடு ஓட்டப் பந்தயம், பழவேற்காட்டு ஏரியின் கொக்குக் கூட்டம். ஏரியைத் தாண்டித் தெற்கே வந்தால் கால்வாயில் தண்ணீர் இல்லை! தூர் வாருவதற்காக இரண்டு பக்கமும் மண்போட்டு அடைத்து நீரை வடித்திருந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் வரைக்கும் கறுப்புச் சேறு, அதன் மேல் நண்டுகள்.

இரண்டே வழிதான் இருந்தது. படகை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது. அல்லது முகத்துவாரம் வழியாகக் கடலில் இறங்கி, கரையை ஒட்டித் தெற்கே போய், நெட்டுக்குப்பத்துக்கு எதிரே அலையில் ஏறுவது.

அதனால்தான் அன்று காலை தண்ணீரில் நின்றோம். அதனால்தான் ஏழுமலை வண்டி என்றான்.

நான் கரையேறி ஒரு வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தங்கமான மனுஷர். டப்பாவை நீளமும் அகலமும் பார்த்தார்.

"எங்க போவணும்?"

"எண்ணூர், நெட்டுக்குப்பம்" என்றேன்.

"யாரு நெட்டுக்குப்பம்? நீயா தம்பி?" ஏழுமலையைப் பார்த்துத்தான் கேட்டார். ஏழுமலை தலையாட்டினான்.

"சரி. பயப்படாத. அடியில நல்லா வைக்கோல் போட்டுத் தரேன். தகரம் அடிபடாது. நீயும் மேல படுத்துக்கோ, அலுங்காமக் கொண்டுபோயி வூட்டு வாசல்ல எறக்கி விட்டுடறேன்."

அவர் கேலி செய்யவில்லை. ஒரு துளி கூட இல்லை. நோயாளியிடம் பேசுகிற கனிவோடு சொன்னார். கேலியாக இருந்திருந்தால் ஏழுமலை சிரித்துத் தள்ளியிருப்பான். அண்ணனின் கேலிக்கே சிரித்தவன் அவன். இந்தக் கனிவைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கடலைப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும், மறுபடி வரும். அதைத்தான் எண்ணுகிறான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று.

"பெரியவரே, வண்டி வேணாம்" என்றான். "காலேஜு, ஏறிக் குந்து."

"ஏழுமலை..."

"பேசாத குந்துடா. நான் வலின்னா துடுப்பை வலி. நிறுத்துன்னா நிறுத்து. பின்னால மட்டும் திரும்பிப் பாக்காத."

வாழ்க்கையில் நான் அவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை. கடைசிப் பெரிய அலை உடைந்து நுரை எங்கள் மார்பில் மோதியதும், "வலி!" என்றான். கண்ணை மூடிக்கொண்டு வலித்தேன். டப்பாவின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பிறகு தொப்பென்று இறங்கியது. கண்ணைத் திறந்தால் எதிரே வெறும் நீலம். அலை உடையும் இடம் எங்களுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாதென்று சொல்லியிருந்ததால் முன்னால் பார்த்தபடியே கேட்டேன், "துடுப்பு இருக்கா?"

"கீது" என்றான். "ஆனா மாமு, வெளிய போறது சுளுவு. உள்ள வர்றதுதான் பேஜாரு."

கரை

அன்று வாடைக் காற்று எங்கள் பக்கம். என் வேட்டியை அவிழ்த்து இரண்டு துடுப்புக்கும் நடுவே கட்டினோம். வேட்டி புடைத்து டப்பா பறந்தது. அரை டிராயரோடு உட்கார்ந்து நான் பாட்டுக் கட்டிப் பாடினேன். சவுக்குத் தோப்புகள், பனைகள், குப்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. உப்பு முகத்தில் காய்ந்து தோல் இறுகியது.

வெயில் சாயத் தொடங்கியபோது எண்ணூர் முகத்துவாரம் தெரிந்தது. அலை மெலிந்த ஒரு வாய்க்கால் அங்கே உண்டு. அதில் நுழைந்தால் குப்பத்தின் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் ஏறிவிடலாம். நான் கையைக் காட்டினேன்.

"அது கொல்லப்பக்கம்" என்றான் ஏழுமலை. வேட்டியை அவிழ்த்து என் மேல் எறிந்தான். படகைக் குப்பத்துக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினான்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். "டேய், பிளேன் டப்பாடா!" என்று ஒரு குரல் காற்றில் வந்தது.

மூன்று வரிசை அலை. முதல் வரிசையில் அலை எங்களைத் தூக்கியபோது, "பின்னால தள்ளு, பின்னால தள்ளு!" என்றான். துடுப்பால் தண்ணீரை முன்பக்கமாகத் தள்ளிப் படகைத் தடுத்தோம். அலை எங்களுக்கு அடியில் நழுவி முன்னே போய் உடைந்தது. "இப்போ வலி! அது முதுகுலயே போ!" இரண்டாம் வரிசையும் அப்படித்தான்.

மூன்றாவதில், பின்னாலிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. திரும்பாதே என்று அவன் சொன்னது நினைவிருந்தது. இருந்தாலும் திரும்பிவிட்டேன். ஏழுமலையின் தலைக்கு மேலே, வீட்டுச் சுவர் மாதிரி பச்சையாக ஒன்று நின்றது.

நான் துடுப்பை விட்டேன்! இரண்டு கையாலும் தகரத்தைக் கட்டிக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை அதுவாகச் செய்தது. ஒரு வருஷமாக ஏழுமலை எந்தப் பயத்தைச் சுமந்தான் என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது.

சுவர் இடிந்தது. டப்பா குறுக்கே திரும்பத் தொடங்கியது. பின்னால் ஒரு உறுமல் கேட்டது. மனிதக் குரலா, துடுப்பு நெரியும் ஓசையா தெரியவில்லை. ஏழுமலை பின்துடுப்பின் மேல் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டிருந்தான். மூக்கு நேரானது. நுரையின் மேல், காது அடைக்கும் வேகத்தில், வெள்ளைக்குள் போனோம். டப்பாவின் அடிவயிற்றில் மணல் உரசும் சத்தம். நின்றோம்.

தண்ணீருக்குள் முதலில் ஓடிவந்தவர் தேசப்பன். நல்ல தோளை டப்பாவின் பக்கத்தில் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு தோளாக வந்து சேர்ந்தது. ஊரே எங்களை உட்கார்ந்த வாக்கில் மேட்டுக்கு இழுத்தது.

தேசப்பன் எட்டிப் பார்த்தார். "முன்னாடி குந்தினவன் துடுப்பு எங்கடா?"

"காலேஜு வுட்டுட்டான்" என்றான் ஏழுமலை, மூச்சு வாங்க.

குப்பம் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. தேசப்பன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "உனுக்கு எங்க மரத்துல எடம் இல்ல நைனா. போய் பீ.ஏ. படி!" நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

தம்பியிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், போய்விட்டார். ஏழுமலையின் முகம் விழுந்துவிட்டது. யாரோ பெரிய அலுமினியக் கிண்ணத்தில் சோறும் சுடச்சுட மீன் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். டப்பாவின் நிழலில் உட்கார்ந்து தின்றோம்.

பொழுது இறங்கியது. நெட்டுக்குப்பத்தில் அந்த நேரத்துக்கு ஒவ்வொரு மரத்துத் தலைவனும் வலைக் குவியலின் பக்கத்தில் நின்று, மறுநாள் கடலுக்கு வரும் ஆட்களின் பெயரை உரக்கக் கூப்பிடுவான். பெயருக்கு உரியவன் எங்கிருந்தாலும் குரல் கொடுக்க வேண்டும்.

தேசப்பன் போய் நின்றார்.

"கண்ணியப்பன்!"

வலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெரியசாமி!"

குடிசைப் பக்கமிருந்து இன்னொன்று.

ஏழுமலை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்துடுப்பு... ஏழுமலை!"

அவன் வாய் நிறையச் சோறு. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. குதித்து எழுந்தான். கிண்ணம் மணலில் உருண்டது. குப்பம் முழுக்க அவனையே பார்த்தது.

"அடேய், கீறியா இல்லியா?" என்று தேசப்பன் அதட்டினார்.

ஏழுமலை ஒரே மிடறாக விழுங்கினான். கண்ணில் நீர் தளும்பியது. குழம்பின் காரம் என்று இன்றுவரை சாதிக்கிறான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மூன்று வரிசை அலையும் அடங்குகிற மாதிரி கத்தினான்.

"கீறேண்ணா! கீறேன்!"